கழிமுகக் கரையில் தமிழ்க் குடியேற்றம்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் – வரலாறும் அடையாளங்களும்

முன்னுரை

தமிழர் புலம்பெயர்வு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இலங்கை, மலேசியா, மொரீசியசு, தென்னாப்பிரிக்கா எனக் கடல்கடந்த நாடுகளையே நோக்கி வந்துள்ளன. இந்திய எல்லைக்குள் தொடர்வண்டி வழியே நிகழ்ந்த பெயர்வு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அவ்வகைப் பெயர்வில் முதன்மையானது மும்பைக் குடியேற்றம். மும்பைத் தமிழர் செறிந்து வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் ஒரு காலத்தில் நகரின் வடபுறத்தே கழிகளையும் சதுப்பையும் அடுத்துக் கிடந்த புறநகர்கள். அவற்றின் வரலாற்றையும் அங்குள்ள அடையாளச் சின்னங்களையும் ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓர் ஊரில் எது வரலாற்றுச் சின்னமாக எண்ணப்படுகிறது, எது எண்ணப்படாமல் விடப்படுகிறது என்னும் வினா இவ்வொப்பீட்டின் அடிப்படையாக அமைகிறது.

கழியும் காவலும்

மும்பை ஏழு தீவுகளின் தொகுப்பாக இருந்தது. 1534இல் குசராத்துச் சுல்தானிடமிருந்து போர்த்துகீசியர் பெற்ற இத்தீவுகள், 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையின் வழி ஆங்கில மன்னருக்கும், 1668இல் கிழக்கிந்தியக் கும்பெனிக்கும் உரியவாயின. தீவுகளின் வட எல்லையில் மாகிம் கழி. அதற்கு அப்பால் இருந்த சால்செட் தீவு போர்த்துகீசியரிடமே தங்கியது. ஆகவே இன்றைய தாராவியும் சயானும் அன்று இரு ஐரோப்பிய ஆட்சிகளுக்கு இடைப்பட்ட எல்லைப்புறங்களாக விளங்கின.

இவ்வெல்லையின் எச்சங்கள் இன்றும் உள்ளன. சயான் குன்றின் மேலுள்ள கோட்டை, ஆளுநர் ஜெரார்டு ஆங்கியரின் காலத்தில் (1669–1677) எழுந்தது. தாராவியின் கழிக்கரையில் ரீவாக் கோட்டை எனப்படும் சிறு காவற்கோட்டை நிற்கிறது. மக்கள் அதனைக் ‘காலா கில்லா’ (கறுப்புக் கோட்டை) என்பர். இதனையும் ஆங்கியர் காலத்ததாகக் கூறுவோர் உளர். எனினும் அதன் சுவரில் பதிக்கப்பட்ட ஆங்கிலக் கல்வெட்டு, ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டது எனத் தெளிவாகக் குறிக்கிறது. சால்செட்டின் மீது மராத்தியர் படையெடுத்துத் தானேயைக் கைப்பற்றியதும் அதே 1737ஆம் ஆண்டில்தான். கழிக்கு அப்பால் அண்டை ஆட்சி மாறிய வேளையில் ஆங்கிலேயர் தம் எல்லையை வலுப்படுத்தினர் எனக் கொள்வது பொருத்தமுடையது.

கோட்டைக்கு முன்னரே கழியை நம்பி வாழ்ந்தவர்கள் கோலி மீனவர்கள். 1909இல் வெளிவந்த மும்பை நகரக் கெசட்டியர், பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாகத் தாராவியைச் சுட்டுகிறது. தமிழிலக்கிய மரபில் நெய்தல் நிலத்து ஊர்கள் பட்டினம், பாக்கம் எனப் பெயர்பெறுவதை ஒத்து, மராத்திய மண்ணில் மீனவர் குடியிருப்பு ‘வாடா’ எனப்பட்டது. தாராவிக் கோலிவாடா இன்றும் நிலைத்துள்ளது. ஆயினும் அதன் நெய்தல் வாழ்வு முற்றும் மாறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயானையும் குர்லாவையும் இணைத்த பாதையும், 1845இல் திறக்கப்பட்ட மாகிம் பாதையும் கழியின் நீரோட்டத்தைக் குறுக்கின. மாகிம் பாதைக்குச் சம்செட்சி சீசீபாயின் துணைவியார் ஆவாபாய் 1,57,000 ரூபாய் வழங்கினார். பாதையில் சுங்கம் பெறலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. பயணிகளுக்கு நன்மை தந்த அப்பாதைகளால் கழி தூர்ந்து சதுப்பாயிற்று; மீனவர் தொழில் நலிந்தது. 1853இல் மும்பை–தானே தொடர்வண்டிப் பாதையும் 1860களில் மேற்குப் பாதையும் அமைந்தபின், இரு தண்டவாளங்களுக்கும் கழிக்கும் இடைப்பட்ட முக்கோணமாகத் தாராவி ஒதுங்கியது.

தோல் தொழிலும் நிலத்தின் ஆக்கமும்

நாற்றமும் கழிவுநீரும் மிக்க தொழில்களை நகருக்கு வெளியே தள்ளுவது காலனிய நகராட்சிகளின் பொதுவழக்கம். மும்பையின் தோல் பதனிடும் தொழில் அவ்வாறே வடக்கு நோக்கி நகர்ந்து, 1887 அளவில் தாராவியில் காலூன்றியது. அருகிலிருந்த பாந்த்ரா இறைச்சிக்கூடத்திலிருந்து பச்சைத்தோல் கிடைத்தது. ஊறவைக்கவும் அலசவும் வேண்டிய நீரும், கழிவை வெளியேற்றும் கழியும் பக்கத்திலேயே இருந்தன. தொழில் அறிந்த கைகள் மட்டுமே தேவைப்பட்டன. அவை தமிழகத்திலிருந்து வந்தன. பச்சைத்தோலை உப்பிட்டு, சுண்ணாம்பிலிட்டு, மயிர் களைந்து, பதப்படுத்தும் தொழில் தமிழகத்தில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம் வணிகரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் தாராவித் தோல் கிடங்குகளுக்கு வந்து சேர்ந்தனர். 1871இல் சென்னை இருப்புப்பாதை ராய்ச்சூரில் மும்பைப் பாதையோடு இணைந்திருந்தமை இப்பெயர்வுக்கு வழிவகுத்தது.

வணிகரும் தொழிலாளரும் ஒரே வட்டாரத்தவர் எனினும் ஒரே நிலையினர் அல்லர். ஊரில் சாதியால் விதிக்கப்பட்ட தொழில், மும்பையில் கூலி தரும் தொழிலாயிற்று என்பதே தொழிலாளர் பெற்ற மாற்றம். தொழிலின் இழிவு நீங்கவில்லை. ஆனால் ஊர்க்கட்டுப்பாட்டின் பிடி தளர்ந்தது. தாராவித் தமிழரின் சங்கங்கள், பள்ளி, கோயில் ஆகியவற்றின் தோற்றத்தை இம்மாற்றத்தோடு இணைத்தே காணவேண்டும்.

இங்குக் கருதத்தக்க மற்றொரு செய்தி நிலத்தின் ஆக்கமாகும். குடியேறியோர் வந்த காலத்தில் தாராவியின் பெரும்பகுதி ஓதம் ஏறி இறங்கும் சதுப்பு. தொழிற்கழிவு, குப்பை, கட்டட இடிபாடு, மண் ஆகியவற்றைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் குடிசை கட்டி, மழைக்காலம்தோறும் மீண்டும் மேடாக்கி மக்களே அந்நிலத்தை உருவாக்கினர். 1930களில் நகரின் தென்பகுதியிலிருந்து அகற்றப்பட்ட சௌராட்டிரக் குயவர்கள் அமைத்த கும்பார்வாடாவும் இவ்வாறு எழுந்ததே. இன்று ஏறத்தாழ 2 சதுர கி.மீ.க்குச் சற்றே மிகுந்த பரப்புடைய தாராவியின் தரை, பெருமளவுக்கு அங்கு வாழ்ந்தோரின் உழைப்பால் ஆனது. சதுப்பாக இருந்தவரை எவரும் விரும்பாத அந்நிலம், மேடான பின்னரே ‘ஆக்கிரமிப்பு’ என்னும் பெயரைப் பெற்றது.

தாராவியின் தமிழ் அடையாளங்கள்

தோல் தொழிலோடு தொடங்கிய குடியிருப்பு விரைவில் தனக்குரிய பொது இடங்களை அமைத்துக்கொண்டது. தாராவியின் பழைய பள்ளிவாசலான ‘படீ மசூதி’ 1887இல் தொடங்கப்பெற்றது. பழைய இந்துக் கோயிலான விநாயகர் கோயில் 1913இல் திருநெல்வேலி ஆதிதிராவிடரால் கட்டப்பெற்றது. அதன் பொறுப்பை ஆதிதிராவிட மகாஜன சங்கம் ஏற்றது. பிறந்த ஊரின் கோயிலுக்குள் நுழைய உரிமை பெறாத மக்கள், பெயர்ந்த ஊரில் தமக்கெனக் கோயில் எழுப்பினர். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1939இல்தான் வந்தது என்பதை நினைவிற்கொண்டால், 1913 என்னும் ஆண்டின் பொருள் விளங்கும்.

1924இல் தாராவியின் முதல் பள்ளி தமிழ்ப் பள்ளியாகத் தோன்றியது. அடுத்த நாற்பது ஆண்டுகள் அதுவே தாராவியின் ஒரே பள்ளியாக இருந்தது. பிற்காலத்தில் தட்சண மாற நாடார் சங்கம் காமராசர் நினைவு ஆங்கில உயர்நிலைப் பள்ளியை நிறுவியது. பெயரில் காமராசரும் பயிற்றுமொழியில் ஆங்கிலமும் இணைந்திருப்பது, குடியேறியோரின் அடுத்த தலைமுறை எதை நாடியது என்பதைப் புலப்படுத்துகிறது.

1960களில் காங்கிரசுத் தொண்டர் எம்.வி. துரைசாமியின் முயற்சியால் தாராவிக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் உருவாகி, டாக்டர் பாலிகா நகர் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியது. 338 வீடுகளும் 97 கடைகளும் கொண்ட இக்குடியிருப்பு, தாராவி மக்கள் தம் மறுசீரமைப்பைத் தாமே மேற்கொள்ள இயலும் என்பதற்கு முற்பட்ட சான்றாகும். பின்வந்த அரசுத் திட்டங்கள் இம்முன்மாதிரியை உரிய அளவு கருத்தில் கொள்ளவில்லை.

தைத்திங்கள் முதல் நாளில் 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவது தாராவிக்கே உரிய காட்சி. வீட்டில் முற்றம் இல்லாதபோது தெருவே முற்றமாகிறது. இவ்வழக்கம் கட்டடமாக நிற்பதன்று. எனினும் ஊரின் அடையாளங்களுள் அதனையும் சேர்த்தல் தகும்.

மாட்டுங்கா: திட்டமிட்ட புறநகர்

தாராவிக்குத் தென்கிழக்கே, மத்திய இருப்புப்பாதையின் மறுபுறத்தில் மாட்டுங்கா உள்ளது. யானையைக் குறிக்கும் ‘மாதங்கம்’ என்னும் சொல்லினின்று இப்பெயர் வந்ததாக ஒரு வழக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பீரங்கிப் படையின் தளமாக இருந்து, பின்னர் கைவிடப்பட்ட இடம் இது. 1896இல் மும்பையைத் தாக்கிய கொள்ளைநோய் இதன் வரலாற்றை மாற்றியது. நெரிசலைக் குறைக்க 1898இல் நிறுவப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர்–மாட்டுங்கா, சயான்–மாட்டுங்காத் திட்டங்களின் வழி அகன்ற சாலைகளும் வட்டப் பூங்காவும் கொண்ட புறநகரை வகுத்தது. கிங்ஸ் சர்க்கிள் எனப்பட்டு இன்று மகேசுவரி உத்தியான் எனப்படும் வட்டமும், ஐந்து தோட்டங்களும் அத்திட்டத்தின் எச்சங்கள்.

வீட்டுக்குள்ளேயே சமையலறையும் குளியலறையும் கழிப்பறையும் அமைந்த அடுக்குவீடு அன்று மும்பைக்குப் புதியது. பொதுக் கழிப்பறை கொண்ட ‘சால்’ வீடுகளில் வாழ்வதற்கு ஆசாரம் இடம்தராத தென்னிந்தியப் பிராமண அலுவலர் குடும்பங்களுக்கு அது பொருந்தியது. தஞ்சை, பாலக்காடு முதலிய பகுதிகளினின்று தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று வந்தோர் இங்குக் குடியேறினர். ஆஸ்திக சமாஜம் (1923), தென்னிந்திய பஜனை சமாஜம் (1927), தென்னிந்தியக் கல்விக் கழகம் (1932), சங்கர மடம் (1939) ஆகியன அடுத்தடுத்து எழுந்தன. மைசூர் கஃபே (1936), கஃபே மதராஸ் (1940), ராம நாயக்கின் உடுப்பி உணவகம் (1942) முதலியவற்றை நடத்தியோர் கன்னட, கொங்கணிப் பகுதியினர் எனினும், அவை தமிழ்க் குடும்பங்களின் அன்றாட வாழ்வோடு கலந்தன. 1952இல் தொடங்கிய சண்முகானந்த நுண்கலை, சங்கீத சபை 1963இல் ஏறத்தாழ 3,000 இருக்கைகள் கொண்ட அரங்கைத் திறந்தது. 1990இல் தீக்கிரையான அவ்வரங்கு 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது.

நிறுவனங்களின் பெயர்களில் ‘தமிழ்’ என்பதினும் ‘தென்னிந்திய’ என்பதே மிகுதியாகக் காணப்படுவது குறிப்பிடத்தக்கது. ஊரில் மொழியாலும் வட்டாரத்தாலும் பிரிந்திருந்தோர் மும்பையில் ஒரே பெயரின்கீழ் ஒன்றுபட்டனர். 1966இல் சிவசேனை தோன்றியபின் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியும் அதே பொதுப்பெயரைக் கொண்டே அவர்களை இலக்காக்கியது. எனினும் அப்பொதுப்பெயரின் உள்ளே பழைய வேறுபாடு தொடர்ந்தது. தாராவியில் விநாயகர் கோயில் எழுந்து பத்தாண்டுகளுக்குப்பின் மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜம் எழுந்தது. இரண்டும் தமிழர் வழிபட்ட இடங்களே. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவும் சிறிதே. ஆயினும் இருப்புப்பாதையின் இருபுறத்தும் இரு வேறு தமிழ்ச் சமூகங்கள் வளர்ந்தன. நாஞ்சில் நாடனின் ‘மிதவை’, ‘சதுரங்கக் குதிரை’ முதலிய புதினங்கள் வேலை தேடி மும்பை சென்ற தமிழ் இளைஞர்களின் தனிமையைப் பதிவு செய்தன. ‘நாயகன்’ (1987), ‘காலா’ (2018) ஆகிய திரைப்படங்கள் தாராவியைத் தமிழ்நாட்டினர் மனத்தில் நிறுத்தின. இரு சமூகங்களையும் ஒருங்கே காணும் வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.

செம்பூர்: இடம்பெயர்க்கப்பட்டோர் கரை

மாட்டுங்காவில் இடம் போதாதபோது தமிழ் நடுத்தர வகுப்பினர் கிழக்கே செம்பூருக்குப் பரவினர். சேடா நகரிலுள்ள முருகன் கோயில், அகோபில மடம், செம்பூர் நுண்கலைச் சங்கம் ஆகியவை அப்பரவலின் சான்றுகள். குன்றின் மீது கோயில் கொண்ட முருகனால் அவ்விடத்தைத் ‘திருச்செம்பூர்’ என அடியார் வழங்குவது, பெயர்ந்த மண்ணைத் திருத்தலமாக்கும் தமிழ் மரபின் தொடர்ச்சி எனலாம்.

செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில், தானேக் கழியின் ஓரத்தில், மற்றொரு தமிழ்க் குடியிருப்பு உண்டு. 1950களில் நகரத்துக் குடிசைவாசிகளை அகற்றிக் குடியமர்த்திய இடம் ஜனதா காலனி. அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்நிலம் வேண்டப்பட்டபோது, நெருக்கடிநிலைக் காலமான 1976ஆம் ஆண்டு மே மாதத்தில் அது முற்றும் அகற்றப்பட்டது. தமிழர் பலர் உள்ளிட்ட பல்லாயிரம் மக்கள் சீட்டா முகாம் எனப்படும் சதுப்புக் கரைக்கு மாற்றப்பட்டனர். ஒருமுறை அரசே குடியமர்த்திய மக்கள் அரசாலேயே மறுமுறை பெயர்க்கப்பட்டு, மீண்டும் ஒரு சதுப்பை மேடாக்க நேர்ந்தது.

ஜனதா காலனியின் எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை நிறுவிய அவர் 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார், 2018இல் காலமானார். ஜனதா காலனியின் இழப்பு அவருக்குக் கற்பித்த பாடம், குடிசைவாசிகள் தம்மைத் தாமே கணக்கெடுத்துப் பதிவு செய்தல் வேண்டும் என்பது. 1985இல் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி ரூபாய் அறிவித்து, அதில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டபோது, வெளியார் மதிப்பீட்டின் அடிப்படையில் திட்டம் வகுக்கப்பட்டது. 1986இல் இக்கூட்டமைப்பு மக்களைக் கொண்டே எடுத்த கணக்கில் தாராவியின் மக்கள்தொகை 5,30,225 என அறியப்பட்டது. இது அரசு கருதியதைவிட மிகமிகுதி. எண்ணப்படாதோருக்குத் திட்டத்தில் இடமில்லை என்பதால் எண்ணுதலே இங்கு உரிமைக் குரலாயிற்று.

கழியின் எதிர்க்கரை

தாராவித் தோல் கிடங்குகளின் காலம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிவை நெருங்கியது. 1970களின் தொடக்கத்தில் இறைச்சிக்கூடம் பாந்த்ராவிலிருந்து தேவ்னாருக்கு மாறியது. பதனிடும் பணியும் படிப்படியாக அகன்றது. தோலிலிருந்து பை, இடைவார் முதலியன செய்யும் கைத்தொழில் மட்டும் நிலைத்தது. அதே 1970களின் பிற்பகுதியில் கழியின் எதிர்க்கரையில் அரசு அமைப்பு சதுப்பை நிரப்பிப் பாந்த்ரா–குர்லா வணிக வளாகத்தை உருவாக்கத் தொடங்கியது. இன்று அது நாட்டின் நிதி நடுவங்களுள் ஒன்று. 2005 சூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்து மித்தி ஆறு பெருக்கெடுத்தபோது, கழியை அடைத்ததன் விளைவை இரு கரையும் உணர்ந்தன. ஆயினும் ஒரே செயலை மக்கள் செய்தபோது ஆக்கிரமிப்பு எனவும், அரசு செய்தபோது வளர்ச்சி எனவும் பெயர் பெற்றது. தாராவியின் நிலமதிப்பு பெருகியதற்கும் எதிர்க்கரை வளாகமே பெருங்காரணம்.

2004இல் மகாராட்டிர அரசு தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. பல தடைகளுக்குப்பின் 2022இல் நடந்த ஒப்பந்தப்புள்ளியில் அதானி குழுமம் முதலிடம் பெற்றது. இத்திட்டத்தில் தாராவியிலேயே இலவச வீடு பெறும் தகுதி, 2000 சனவரி 1க்கு முன்னர் அங்கு வாழ்ந்தமைக்கான ஆவணங்களைச் சார்ந்துள்ளது. நான்கு தலைமுறையாக வாழும் குடும்பமாயினும் தாளில் சான்று இல்லையேல் ஐயத்துக்கு உள்ளாகிறது. ஆகவே தாராவியின் வரலாறு, அங்கு வாழ்வோருக்குக் குடியிருப்புரிமையோடு பிணைந்த ஒன்றாகும்.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் நகரின் வடபுறக் கழிகளையும் சதுப்பையும் சார்ந்து வளர்ந்தவை; மூன்றிலும் தமிழர் தம் உழைப்பால் வழிபாட்டிடங்களையும் கல்வி, கலை அமைப்புகளையும் நிறுவினர். மாட்டுங்காவின் சின்னங்கள் ஆண்டு விழா மலர்களாலும் நிறுவன ஏடுகளாலும் காக்கப்படுகின்றன. தாராவியின் சின்னங்களுக்கு அத்தகைய காப்பு இல்லை. காலா கில்லாவின் சுவரில் ஆணையிட்டவர் பெயரும் ஆண்டும் உள்ளன. அதைச் சூழ்ந்துள்ள நிலத்தை மேடாக்கியவர்களின் பெயர் எக்கல்லிலும் இல்லை.

ஆகவே தாராவியின் கோயில், பள்ளிவாசல், பள்ளி, சங்கம் ஆகியவற்றின் நன்கொடைப் பதிவேடுகள், மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள், கூட்டக் குறிப்பேடுகள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றைத் திரட்டிப் படியெடுத்தல் உடனடிப் பணியாகும். முதியோரின் வாய்மொழி வரலாறும் பதிவு செய்யப்பெறுதல் வேண்டும். கட்டடங்கள் இடிக்கப்படுமுன் இப்பணி நிறைவேறுதல் இன்றியமையாதது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் மும்பைத் தமிழ் அமைப்புகளும் இணைந்து இதனை மேற்கொண்டால், புலம்பெயர் தமிழர் வரலாற்றில் விடுபட்ட ஒரு பகுதி நிறைவுறும். அந்நிலத்தை உருவாக்கிய மக்களின் உரிமைக்கும் அது சான்றாக நிற்கும்.